ஒரு கிண்ணம், ஒரு ஜோடி செருப்பு! அன்னை தெரசா வீட்டு மியூசியம்

புதுக்கோட்டைக்காரர்களுக்கு மியூசியம் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருக்கோகர்ணத்தில் 1910-ம் ஆண்டு தொடங்கிய மியூசியம் இன்றும் நடக்கிறது. தமிழ்நாட்டில் சென்னை எழும்பூர் மியூசியத்துக்கு அடுத்த பெரிய அரசு மியூசியம் அதுதான். செப்புச் சிலைகள், கல்வெட்டுகள், பழைய நாணயங்கள், ராஜா காலத்து ஆயுதங்கள் என்று சுற்றிப் பார்க்க அரை நாள் போதாது.

அதே 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 26-ந் தேதி, கடல் கடந்து ஐரோப்பாவில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தையின் பெயராலும் இன்று ஒரு மியூசியம் இருக்கிறது. அது இருப்பது நம் நாட்டில், கொல்கத்தாவில்.

ஆனால் அங்கே வாள் இல்லை, வைரம் இல்லை, ஐம்பொன் சிலை இல்லை.

பின்னே என்னதான் இருக்கிறது?

நசுங்கிப்போன ஒரு எனாமல் கிண்ணம். தேய்ந்துபோன ஒரு ஜோடி செருப்பு. நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை. ஜெபமாலை, சிலுவை. கையால் எழுதிய கடிதங்கள். அவ்வளவுதான்!

"இதைப் பார்க்கவா இத்தனை தூரம் வந்தோம்?" என்று முதலில் தோன்றும். ஒவ்வொன்றின் கதையையும் தெரிந்துகொண்டால் அந்தக் கேள்வி வாயை விட்டு வராது.

அந்தக் கிண்ணத்தில் சாப்பிட்டவர், செருப்பைப் போட்டு நடந்தவர், அன்னை தெரசா.

புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அந்தப் பெயர் புதிதல்ல. இலுப்பூர் பக்கம் மேட்டுச்சாலையில் அவர் பெயரிலேயே கல்லூரிகள் நடக்கின்றன. கொடைக்கானலில் தமிழக அரசு 1984-ம் ஆண்டு தொடங்கிய பெண்கள் பல்கலைக்கழகத்துக்கும் அவர் பெயர்தான். பெயர் தெரியும், படம் தெரியும். வாழ்ந்த வீடு எப்படி இருக்கும் என்பது பலருக்குத் தெரியாது.

54-ஏ, போஸ் ரோடு

விஞ்ஞானி ஜெகதீச சந்திர போஸ் பெயரில் கொல்கத்தாவில் ஒரு பெரிய ரோடு இருக்கிறது. எந்த நேரமும் பஸ், லாரி, கார் என்று இரைச்சல். அந்த ரோட்டில் 54-ஏ என்ற எண்ணுள்ள வீடுதான் 'மதர் ஹவுஸ்'. டாக்சிக்காரரிடம் 'மதர் ஹவுஸ்' என்று சொன்னால் போதும், கொண்டுபோய் இறக்கிவிடுவார்.

1953-ம் ஆண்டு தெரசாவும் அவரோடு சேர்ந்த கன்னியாஸ்திரிகளும் இங்கே குடிவந்தார்கள். வீடு வாங்கக் கையில் பணம் இல்லை. கொல்கத்தா மறைமாவட்டம் கடன் கொடுத்து உதவியது.

கீழ்த்தளத்தில் அவருடைய கல்லறை. வெள்ளை நிறத்தில், எந்த வேலைப்பாடும் இல்லாத எளிய கல்லறை. அதன்மேல் கன்னியாஸ்திரிகள் பூ இதழ்களால் அன்பு மொழி ஒன்றை எழுதி வைக்கிறார்கள்.

கல்லறைக்குப் பக்கத்திலேயே மியூசியம். சின்ன இடம்தான். அவர் பிறந்தது முதல் மறைந்தது வரை படங்களும் எழுத்துமாக விளக்கம் இருக்கிறது. நடுநடுவே அவர் புழங்கிய சாமான்கள்.

செருப்பு நடந்த தூரம்

செருப்பின் கதை நீளமானது.

தெரசா பிறந்த ஊர் ஸ்கோப்ஜே. இன்று வடக்கு மாசிடோனியா நாட்டின் தலைநகர். பெற்றோர் வைத்த பெயர் ஆக்னஸ். சிறு வயதிலேயே அப்பா இறந்துவிட்டார். 1928-ம் ஆண்டு, 18 வயதில், கன்னியாஸ்திரி ஆவதற்காக வீட்டைவிட்டுப் புறப்பட்டார். அன்று கையசைத்து வழியனுப்பிய அம்மாவை அவர் மறுபடி உயிரோடு பார்க்கவே இல்லை.

1929-ம் ஆண்டு ஜனவரியில் இந்தியா வந்து சேர்ந்தார். கொல்கத்தா எண்டாலியில் உள்ள புனித மேரி பெண்கள் பள்ளியில் டீச்சர் வேலை. பூகோளமும் சரித்திரமும் சொல்லிக் கொடுத்தார். 1944-ல் தலைமை ஆசிரியையும் ஆனார். நல்ல கட்டிடம், தோட்டம், நேரத்துக்குச் சாப்பாடு.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் மோதிஜீல் சேரி. சாக்கடை, பட்டினி, நோய்.

1943-ல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. லட்சக்கணக்கானவர்கள் மாண்டார்கள். 1946 ஆகஸ்டில் இந்து-முஸ்லிம் கலவரம். நகரமே ரத்தக்களறி. பள்ளியில் மாணவிகளுக்குச் சாப்பாடு இல்லை. அரிசி தேடி வெளியே போன தெரசா, தெருவில் பிணங்கள் கிடப்பதைக் கண்ணால் பார்த்தார்.

அடுத்த மாதம், செப்டம்பர் 10-ந் தேதி, டார்ஜிலிங் போகும் ரயிலில் அந்த முடிவு பிறந்தது: மதில் சுவரைத் தாண்டி வெளியே போக வேண்டும், ஏழைகளோடு ஏழையாக இருக்க வேண்டும்.

நினைத்த மாத்திரத்தில் நடந்துவிடவில்லை. சபையின் அனுமதி கிடைக்க இரண்டு வருடம் ஆனது. 1948 ஆகஸ்டில் பள்ளியை விட்டு வெளியேறினார். கையில் இருந்தது 5 ரூபாய் என்று சொல்வார்கள்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். வெளியே வந்ததும் அவர் நேராகச் சேரிக்குப் போகவில்லை. முதலில் பாட்னாவுக்குப் போனார். அங்கே மருத்துவ சேவை செய்யும் கன்னியாஸ்திரிகளின் ஆஸ்பத்திரியில் நர்சு வேலை பழகினார். ஊசி போடவும், புண்ணுக்குக் கட்டுப் போடவும், பிரசவம் பார்க்கவும் கற்றுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் மோதிஜீல்.

முதல் பள்ளிக்கூடத்தில் கரும்பலகை கிடையாது. ஒரு குச்சியை எடுத்து மண் தரையிலேயே எழுத்து எழுதிக் காட்டினார். அவரிடம் படித்த மாணவிகளே ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். 1950-ம் ஆண்டு அக்டோபர் 7-ந் தேதி சபைக்கு அங்கீகாரம் கிடைத்தபோது மொத்தம் ஒரு டஜன் பேர் இருந்தால் அதிகம்.

கோவில் பக்கத்தில் தகராறு

ஒரு நாள் தெருவில் ஒரு பெண் கிடந்தாள். எலியும் எறும்பும் உடம்பைக் கடித்திருந்தன. தெரசா தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். சேர்க்க முடியாது என்றார்கள். சேர்த்தால்தான் இங்கிருந்து நகருவேன் என்று நின்றார். இதை அவரே பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கேட்பாரற்றுத் தெருவில் சாகிறவர்களுக்கு ஒரு கூரையாவது வேண்டும் என்று கார்ப்பரேஷனிடம் போய்க் கேட்டார். காளிகாட்டில், காளி கோவிலை ஒட்டிய யாத்ரிகர் சத்திரத்தை ஒதுக்கினார்கள். 1952-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந் தேதி 'நிர்மல் ஹிருதய்' திறக்கப்பட்டது. 'தூய இதயம்' என்று அர்த்தம்.

அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு கிளம்பியது. கோவில் வாசலில் கிறிஸ்தவ கன்னியாஸ்திரிக்கு என்ன வேலை, மதம் மாற்ற வந்திருக்கிறாள் என்று கூச்சல். போலீஸ் அதிகாரி ஒருவர் நேரில் பார்க்க வந்தாராம். புழு நெளியும் புண்ணைத் தெரசா துடைத்துக் கொண்டிருந்தாராம். உங்கள் வீட்டு அம்மாவும் அக்காவும் வந்து இந்த வேலையைச் செய்யட்டும், அப்புறம் இவரை வெளியேற்றுகிறேன் என்று கூட்டத்திடம் சொல்லிவிட்டுப் போனாராம் அந்த அதிகாரி. கொல்கத்தாவில் இன்றும் இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

காசநோய் வந்து யாரும் அண்டாமல் கிடந்த கோவில் அர்ச்சகர் ஒருவரை நிர்மல் ஹிருதயில் சேர்த்துக் கவனித்தார்கள் என்றும், அதன் பிறகே எதிர்ப்பு அடங்கியது என்றும் சொல்கிறார்கள்.

புடவை நெய்தது யார்?

மியூசியத்தில் இருக்கும் புடவை சாதாரண வெள்ளைப் பருத்தி. ஓரத்தில் மூன்று நீலக் கோடு. சேரிப் பெண்கள் உடுத்தும் மாதிரி மலிவான புடவை வேண்டும் என்று தெரசா தேர்ந்தெடுத்தது.

இன்று அந்தப் புடவைகளை நெய்கிறவர்கள் யார் தெரியுமா? தொழுநோய் வந்தவர்களும் அவர்கள் குடும்பத்தாரும்! கொல்கத்தாவுக்குப் பக்கத்தில் திட்டாகர் என்ற ஊரில் ரயில் பாதை ஓரமாக 'காந்திஜி பிரேம் நிவாஸ்' என்ற தொழுநோயாளிகள் இல்லம் இருக்கிறது. அங்கே தறி ஓடுகிறது. ஊர் ஒதுக்கிய கைகள் நெய்த துணியை கன்னியாஸ்திரிகள் உடுத்துகிறார்கள்.

தொழுநோயாளிகளுக்காக 1957-ல் நடமாடும் வைத்திய வண்டியைத் தொடங்கினார் தெரசா. 1964-ல் போப் ஆறாம் பால் பம்பாய் வந்தபோது, தான் பவனி வந்த வெள்ளைக் காரைத் தெரசாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். தெரசா அதில் ஒரு நாள்கூட ஊர்வலம் போகவில்லை. காரைப் பரிசாக வைத்து சீட்டு விற்றார். வந்த பணத்தில் அசன்சோல் பக்கம் 'சாந்தி நகர்' என்ற தொழுநோயாளிகள் ஊரை உருவாக்கினார்.

அந்த நாளில் தொழுநோய் என்றால் ஆயுள் தண்டனை மாதிரி. இன்று அப்படி இல்லை. 1981-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன கூட்டு மருந்து வந்த பிறகு, 6 மாதம் அல்லது 12 மாதம் மாத்திரை சாப்பிட்டால் நோய் குணமாகிவிடும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகத் தருகிறார்கள். உணர்ச்சி இல்லாத தேமல் தெரிந்தால் மறைக்கக் கூடாது. உடனே காட்ட வேண்டும். சீக்கிரம் காட்டினால் கை, கால் முடங்காது.

குறையும் சொன்னார்கள்

தெரசாவுக்குப் புகழ் குவிந்தது. 1962-ல் பத்மஸ்ரீ. 1979-ல் சமாதானத்துக்கான நோபல் பரிசு. பரிசளிப்பு விருந்து வேண்டாம், அந்தச் செலவை ஏழைகளுக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கினார். 1980-ல் பாரத ரத்னா.

கூடவே குறை சொன்னவர்களும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது.

1994-ம் ஆண்டு 'லான்செட்' என்ற உலகப் புகழ்பெற்ற டாக்டர்கள் பத்திரிகையின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ், காளிகாட் இல்லத்தைப் பார்த்துவிட்டு எழுதினார். சுத்தம் இருக்கிறது, புண்ணைக் கவனிக்கிறார்கள், அன்பு இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் என்ன நோய் என்று சரியாகப் பரிசோதித்துக் கண்டுபிடிக்கும் முறை இல்லை, கடும் வலிக்குப் போதுமான மருந்து இல்லை என்று அடித்துச் சொன்னார். குணமாகக் கூடியவரும் சாகப் போகிறவரோடு சேர்ந்து படுத்துக் கிடக்க நேரலாம் அல்லவா என்பதுதான் அதில் உள்ள கேள்வி.

சாகும் தறுவாயில் இருப்பவர்களை மதம் மாற்றுகிறார்கள், வந்த நன்கொடைக்குக் கணக்கு என்ன என்றெல்லாமும் சிலர் புத்தகமே எழுதினார்கள். இறந்தவருக்கு அவரவர் மத வழக்கப்படிதான் சடங்கு நடக்கிறது என்பது இல்லத்தார் சொல்லும் பதில்.

வலி மருந்து விஷயத்தில் இன்னொரு பக்கமும் உண்டு. 1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கெடுபிடியால் மார்பின் மருந்து கிடைப்பது நாடு முழுவதுமே குதிரைக் கொம்பாக இருந்தது. பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட புற்றுநோயாளிகள் வலியில் துடித்தார்கள். 2014-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் கொஞ்சம் வழி பிறந்தது.

ஆனாலும் லான்செட் ஆசிரியர் எழுப்பிய கேள்வியைத் தள்ளிவிட முடியாது. அன்பு மட்டும் போதுமா? வைத்தியமும் வேண்டாமா?

புதுக்கோட்டை மகள் சொன்ன பதில்

இந்தக் கேள்விக்கு வேறு வழியில் பதில் சொன்ன ஒரு பெண்மணி புதுக்கோட்டையிலேயே பிறந்தவர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தெரசாவுக்கு 24 வயது மூத்தவர். பெண் பிள்ளையை ஆண்கள் கல்லூரியில் சேர்ப்பதா என்று ஊரே எதிர்த்தபோது, மகாராஜா கொடுத்த அனுமதியால் புதுக்கோட்டை கல்லூரியில் படித்தார். 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

சொந்தத் தங்கை புற்றுநோயால் துடித்து இறந்ததைப் பார்த்தார் முத்துலட்சுமி. கண்ணீரோடு நிற்கவில்லை. விடாமல் போராடி 1954-ல் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார்.

ஒருவர் சாகிறவரின் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொருவர் சாகாமல் இருக்க ஆஸ்பத்திரி கட்டினார். படுத்துக் கிடக்கும் நோயாளியைக் கேட்டால் இருவருமே வேண்டும் என்றுதான் சொல்வார். டாக்டர் வந்து மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுப் போன பிறகு, ராத்திரி 2 மணிக்குத் தண்ணீர் கொடுக்க ஒரு ஆள் வேண்டுமே! பெரியாஸ்பத்திரி வார்டில் ஒரு ராத்திரி துணைக்கு இருந்தவர்களுக்கு இது புரியும்.

கடிதத்தில் இருந்த இருட்டு

மியூசியத்தில் கையெழுத்துக் கடிதங்களும் இருக்கின்றன. தெரசா எழுதிய கடிதங்களில் சில, அவர் இறந்து 10 வருடம் கழித்து 2007-ல் புத்தகமாக வந்தபோது உலகமே திடுக்கிட்டது.

எப்போதும் சிரித்த முகமாக இருந்த தெரசா, உள்ளுக்குள் பல வருடம் இருட்டில் தவித்திருக்கிறார். பிரார்த்தனை செய்தாலும் கடவுள் பக்கத்தில் இருப்பதாகவே தோன்றவில்லை என்று தன் ஆன்மிக வழிகாட்டிகளுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களை அழித்துவிடும்படியும் கேட்டிருந்தார். அவர்கள் அழிக்கவில்லை.

மனசு வறண்டு கிடந்த அந்த நாட்களிலும், விடிந்ததும் எழுந்து புண் துடைக்கப் போனார். அது மட்டும் நிற்கவே இல்லை.

மாடியில் ஒரு அறை

மாடியில் அவருடைய அறையை அப்படியே வைத்திருக்கிறார்கள். 1953 முதல் 1997 வரை அவர் வேலை பார்த்ததும் தூங்கியதும் அங்கேதான். சின்னக் கட்டில். அதற்கு மேலே சுவரில் ஒரு முள்முடி. எழுத ஒரு மேஜை. அறைக்குக் கீழே சமையல்கட்டு. கொல்கத்தா வெயிலோடு அடுப்புச் சூடும் சேர்ந்துகொள்ளும். ஆனாலும் மின்விசிறி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

1997-ம் ஆண்டு செப்டம்பர் 5-ந் தேதி இந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது. வயது 87. காந்தி, நேரு உடல்களைச் சுமந்த அதே பீரங்கி வண்டியில் அரசு மரியாதையோடு இறுதி ஊர்வலம். ஒரு டஜன் பேரோடு தொடங்கிய சபையில் அப்போது ஏறக்குறைய 4 ஆயிரம் கன்னியாஸ்திரிகள். 123 நாடுகளில் 610 இல்லங்கள். 2016-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி ரோமில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார்.

பிறந்த ஊரான ஸ்கோப்ஜேயிலும் 2009-ல் ஒரு நினைவு இல்லம் திறந்தார்கள். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில் இருந்த இடத்தில் அது எழும்பியிருக்கிறது. ஆனால் அவர் நடந்து தேய்த்த செருப்பைப் பார்க்க வேண்டும் என்றால் கொல்கத்தாவுக்குத்தான் வர வேண்டும்.

போவது எப்படி?

திருச்சியில் இருந்து ஹவுராவுக்கு ரயில் இருக்கிறது. சென்னை வழியாகவும் போகலாம். ஹவுராவில் இறங்கி பஸ் அல்லது டாக்சி பிடித்தால் மதர் ஹவுஸ். சியால்டா ஸ்டேஷனில் இருந்து இன்னும் பக்கம். டிக்கெட் கிடையாது. எந்த மதத்தாரும் போகலாம். காலையும் மாலையும் திறந்திருக்கும், மதியம் மூடிவிடுவார்கள். வியாழக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் போய் வாசலோடு திரும்பியவர்கள் உண்டு.

அந்தக் கிண்ணத்தைப் பார்க்க வேண்டும் என்றால் இத்தனை தூரம் ரயில் ஏற வேண்டும். ஒரு கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி, பக்கத்து பெட்டில் ஆளில்லாமல் கிடப்பவருக்குக் கொடுப்பதற்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை!